தெரு மாறி வந்தவன்

"இந்தப் படிதான்" என்றாள் வேம்பு.

மன்னார்குடி கீழ இரண்டாம் தெரு, பதினேழு பை இரண்டு. மூன்று குடித்தனம் இருக்கும் மாடி வீடு. வெளிப்பக்கமாக ஏறும் சிமெண்ட் படி. படியின் அடியில் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவியிருந்தார்கள். கழுவிய இடம் மட்டும் தனியாக வெளுத்துக் கிடந்தது.

கலைமகள் அந்த இடத்தைப் பார்க்கவில்லை. தெருவின் இரண்டு முனைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தஞ்சாவூரில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள் கலைமகள். அதற்கு முன் ஒரு வங்கியின் கண்காணிப்புப் பிரிவில் இருந்தாள். கண்காணிக்கக் கூடாத ஒருவரைக் கண்காணித்ததால் ராஜினாமா செய்ய வேண்டியதாயிற்று. அவளுடைய உதவியாளன் ஃபாஜில் ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் திருடர்களைப் பிடிக்கும் வேலையில் இருந்தவன். அங்கே பெரிய திருடர் முதலாளிதான் என்பதைக் கண்டுபிடித்த மறுநாளே ஊருக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

"உங்க தங்கச்சியைத் தள்ளிவிட்டவன் ஜெயில்ல இருக்கான். இனி நான் என்ன கண்டுபிடிக்கணும்?" என்று கேட்டாள் கலைமகள்.

"இந்த வீட்டை அவனுக்குக் காட்டுனது யாருன்னு கண்டுபிடிங்க."

"கண்டுபிடிச்சா?"

வேம்பு கைப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

ஃபாஜில் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, அந்தப் பைக்குள்ள டிபன் பாக்ஸ்தான் இருக்கணும்னு வேண்டிக்கிறேன்."

வேம்பு வேளாண்மைத் துறையில் உதவி அலுவலர். ஒரத்தநாடு வட்டாரத்து வயல்களில் வெயில் குடித்த முகம். அந்த முகத்தில் இப்போது அழுகை இல்லை. அழுகை தீர்ந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது.

தங்கை தமிழ்நிலாவின் கதை சிறியது. ஒரத்தநாட்டில் நெல் அறுவடை இயந்திரம் வைத்திருந்த சாமிதுரைக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். இரண்டு வருடம் அடி வாங்கினாள். ஒருநாள் துணிப்பை ஒன்றோடு கிளம்பிவிட்டாள். மன்னார்குடியில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை, புது போன் நம்பர், வாடகைக்கு இந்த மாடி அறை. முகவரி அக்காவைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. பெற்றவர்களுக்குக்கூடச் சொல்லவில்லை. குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம் சாமிதுரை வந்தான். படியில் சண்டை. மேலிருந்து விழுந்தவள் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்து கண் திறக்காமலே போய்விட்டாள்.

"திங்கட்கிழமை ஜாமீன் மனு வருது. 'அவளே போன் பண்ணி அட்ரஸ் சொல்லி வரச் சொன்னா. சமாதானமாப் போகலாம்னா. பேசிக்கிட்டு இருக்கும்போது கால் தவறி விழுந்துட்டா'ன்னு எழுதியிருக்கான். இல்லைன்னு சொல்ல அவ இல்லையே" என்றாள் வேம்பு.

"அவ போன்லேர்ந்து அவனுக்குக் கால் ஏதும்...?"

"பொட்டிக்கடை போன்லேர்ந்து பேசினாளாம். எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்கான்."

"அன்னைக்கு இந்தத் தெருவுல யார்கிட்டயாவது வழி கேட்டானா?"

"போலீஸ் வீடு வீடா விசாரிச்சாங்க. யார்கிட்டயும் கேக்கல. நேரா வந்து படி ஏறியிருக்கான்."

"அதான் இடிக்குது" என்றாள் கலைமகள். "இந்த ஊர்ல மேல முதல் தெரு, மேல ரெண்டாம் தெரு, கீழ முதல் தெரு, கீழ ரெண்டாம் தெரு. புதுசா வர்றவனுக்குத் தலை சுத்தும். நாமளே காரை ரெண்டு தடவை திருப்பினோம்."

"மூணு. மாட்டுக்காகத் திருப்புனதைக் கணக்குல சேர்க்க மாட்டேங்கறீங்க" என்றான் ஃபாஜில்.

"இங்க வழி கேக்கலைன்னா வேற எங்கயோ கேட்டிருக்கான். நாம முதல்ல தப்பா நுழைஞ்சது எந்தத் தெரு?"

"மேல ரெண்டாம் தெரு."

"வண்டியை எடு. அங்க பதினேழு பை ரெண்டுல யார் இருக்காங்கன்னு பார்ப்போம்."

*

அங்கே இருந்தது கமருன்னிஸா. கணவர் குவைத்தில். முன்னறையில் சுடிதார் துணிகளை அடுக்கி வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். வாடிக்கையாளர்கள் என்று நினைத்துச் சிரித்த முகம், தமிழ்நிலா என்ற பெயரைக் கேட்டதும் சுருங்கியது.

"போலீஸ் இந்தத் தெருவுக்கு வரலைங்க. நானாப் போய்ச் சொல்ல பயமா இருந்துச்சு."

"இப்ப எங்ககிட்ட சொல்லுங்க" என்றாள் கலைமகள்.

"அன்னைக்கு அஸர் தொழுகைக்கு அப்புறம் ஒருத்தர் வந்தாரு. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கையில அல்வா பெட்டி. போனைப் பார்த்து, 'பதினேழு பை ரெண்டு, மேல ரெண்டாம் தெரு, தமிழ்நிலா இருக்காங்களா'ன்னு கேட்டாரு. 'அந்தப் பொண்ணு இங்க இல்லைங்க, கீழ ரெண்டாம் தெரு, இதே நம்பர், மாடி'ன்னு நான்தான்..." கமருன்னிஸாவின் குரல் உடைந்தது. "புருஷன்னு சொன்னாரும்மா. அல்வா வாங்கிட்டு வந்திருக்காரேன்னு நினைச்சேன்."

வேம்பு நிலைக்கதவைப் பிடித்தாள். "நீங்களா? நீங்களா கை காட்டி அனுப்புனீங்க?"

"ஃபிரிட்ஜ் கொண்டு வந்தவங்களுக்குச் சொன்ன மாதிரியே இவருக்கும் சொன்னேம்மா. சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது."

வேம்பு ஒரு அடி முன்னால் வைத்தாள். கலைமகள் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

"ஃபிரிட்ஜா? எந்த ஃபிரிட்ஜ்?"

"ரெண்டு மாசம் முன்னாடி, ஆடித் தள்ளுபடி சமயம். இங்க கொண்டாந்து இறக்கிட்டாங்க. நான் ஆர்டர் பண்ணலைன்னு சண்டை போட்டேன். அப்புறம் அந்தப் பொண்ணே ஓடி வந்து, 'கடையில தெருவை மாத்தி எழுதிட்டாங்கக்கா'ன்னு சிரிச்சுச்சு. அப்பதான் பழக்கம்."

கலைமகள் திரும்பி வேம்புவின் தோளில் கை வைத்தாள். "இவங்களைப் பார்த்தது போதும். இவங்க காட்டுனது கடைசித் திருப்பம் மட்டும்தான். ஊரையும் தெருவையும் கதவு நம்பரையும் கையில கொடுத்து அனுப்புனவன் வேற. அவன் கொடுத்த அட்ரஸ்லயும் ஃபிரிட்ஜ் அட்ரஸ்லயும் ஒரே தப்பு இருக்கு. கவனிச்சீங்களா?"

வேம்பு மூச்சு வாங்கினாள்.

"இன்னொண்ணு. அவளே அட்ரஸ் சொன்னான்னு மனுவுல எழுதியிருக்கான்ல? தான் குடியிருக்கிற தெருவோட பேரைத் தப்பாச் சொல்லி எந்தப் பொண்ணாவது புருஷனை வரச் சொல்லுவாளா?"

"என் மச்சான் சொல்லுவான். கடன்காரனா இருந்தா ஊரையே மாத்திச் சொல்லுவான்" என்றான் ஃபாஜில்.

கமருன்னிஸா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கோர்ட்டுல வந்து சொல்லணும்னா சொல்றேங்க. அந்தப் பொண்ணு சிரிச்ச முகம் தூங்க விடமாட்டேங்குது."

வேம்பு அவளிடம் எதுவும் சொல்லாமல் படியிறங்கினாள். மன்னிப்பதாகவும் தெரியவில்லை.

*

ஃபிரிட்ஜ் கடை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில். தீபாவளிச் சலுகை பேனர்களுக்கு நடுவே தவணைக் கடன் எழுதும் மேஜை. அதில் ஷஹ்பாஸ் என்ற இளைஞன், கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"சிங்கிள் டோரா, டபுள் டோரா சார்?"

"எங்களுக்கு வேண்டியது தப்பான டோர்" என்றான் ஃபாஜில்.

விஷயத்தைச் சொன்னதும் ஷஹ்பாஸ் வெளிறிப் போனான். ஆனால் மறைக்கவில்லை.

"தெருவை மாத்திப் போட்டது நான்தான் மேடம். டேப்லெட்ல 'மேல'வைத் தொட்டுட்டேன். டெலிவரி ஆன அன்னைக்கே அவங்க போன் பண்ணித் திட்டுனாங்க. உடனே எங்க கடை சிஸ்டத்துல 'கீழ'ன்னு திருத்திட்டேன். இந்தாங்க, பாருங்க."

திரையில் கீழ இரண்டாம் தெரு என்றுதான் இருந்தது. இரண்டு மாதமாக அப்படித்தான்.

"அப்ப இந்தக் கடையிலேர்ந்து யாராவது எடுத்துக் கொடுத்திருந்தா, அவன் நேரா சரியான தெருவுக்கு வந்திருப்பான்" என்றாள் கலைமகள். "தப்பு இன்னும் திருத்தப்படாம எங்க இருக்கு?"

"லோன் கொடுத்த கம்பெனியில இருக்கும் மேடம். அங்க திருத்தணும்னா கஸ்டமர் தனியா எழுதிக் கொடுக்கணும். அவங்க கொடுக்கலை."

"அந்தக் கம்பெனியிலேர்ந்து வெளியில போயிருக்கும்" என்றாள் வேம்பு பல்லைக் கடித்துக்கொண்டு.

"போகணும். போகலைன்னாதான் தப்பு" என்றாள் கலைமகள். "யாருக்குக் கடன் கொடுத்தோம், அவங்க எங்க குடியிருக்காங்க, ஒழுங்காக் கட்டறாங்களா, எல்லாத்தையும் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்பணுங்கறது ரிசர்வ் வங்கி விதி. லோன் கொடுக்கிற வேற கம்பெனிகள் அங்கேர்ந்து எடுத்துப் பார்க்கலாம். ஆனா கஸ்டமரோட சம்மதம் வேணும். சம்மதம் இல்லாம எவனும் கை வைக்கக் கூடாதுன்னு இன்னொரு ஏற்பாடும் செஞ்சிருக்காங்க. யார் எடுத்துப் பார்த்தாலும், கஸ்டமருக்கு எஸ்எம்எஸ் போகணும்."

"கதவைத் திறந்தா மணி அடிக்கும்" என்றான் ஃபாஜில்.

"ஆமா. மணி எங்க அடிச்சுதுன்னு பார்க்கணும். தம்பி, லோன் போடும்போது தமிழ்நிலா என்ன போன் நம்பர் கொடுத்தாங்க?"

ஷஹ்பாஸ் திரையைத் தட்டினான். "ஒன்பது நாலு நாலு..."

"போதும்" என்றாள் வேம்பு.

கடைக்குள் எங்கோ ஒரு வாஷிங் மெஷின் ஓடிக் காட்டிக்கொண்டிருந்தது.

"அது என் நம்பர். தன் நம்பரை யாருக்கும் கொடுக்க அவளுக்குப் பயம். ஓடிபி வந்தப்ப என்கிட்டதான் கேட்டு வாங்குனா. 'அக்கா, ஐஸ் வாட்டர் குடிக்க எப்ப வர்றே'ன்னா."

வேம்பு கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள். விரல் திரையில் வழுக்கியது. படிக்காத செய்திகள் நூற்றுக்கணக்கில். உரக் கம்பெனி, நகைக்கடை, லோன், லோன், லோன். மேலே தள்ளிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றாள்.

கலைமகள் போனை வாங்கிப் பார்த்தாள். ஆங்கிலத்தில் இரண்டு வரி. தமிழ்நிலா அவர்களே, உங்கள் கடன் தகவல் அறிக்கையைப் பொன்னிவளம் ஃபைனான்ஸ் நிறுவனம் பார்த்திருக்கிறது. தேதி, தமிழ்நிலா விழுந்ததற்கு ஒரு வாரத்துக்கும் மேல் முந்தையது.

"பார்த்தேன்" என்றாள் வேம்பு. "ஃபிரிட்ஜ் வாங்குனதுலேர்ந்து அவ பேரைப் போட்டு தினம் லோன் விளம்பரம் வரும். அதுல ஒண்ணுன்னு நினைச்சேன். வயல்ல நின்னுக்கிட்டு இருந்தேன்க்கா. பார்த்துட்டுத் தள்ளிவிட்டேன்."

ஃபாஜிலுக்கு இப்போது எந்த வேடிக்கையும் தோன்றவில்லை. பக்கத்து மேஜையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து வேம்புவிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"அந்த ரெண்டு வரியைப் படிச்சா, உங்களுக்கு மட்டுமில்ல, யாருக்குமே ஆபத்துன்னு புரியாது" என்றாள் கலைமகள். "ஆனா அதுல ஒரு பேர் இருக்கு. அது நமக்கு வேணும்."

"பொன்னிவளம்" என்றாள் வேம்பு. "ஒரத்தநாடு கடைத்தெருவுல போர்டு பார்த்திருக்கேன். எந்திரத்துக்கு லோன் கொடுக்கிறவங்க."

அவள் அழவில்லை. காரில் ஏறியதும் ஒரே ஒரு போன் செய்தாள். பொன்னிவளத்தில் கடன் வாங்கியிருந்த விவசாயி ஒருவரிடம் மெதுவான குரலில் ஏதோ விசாரித்தாள். "சரிங்க, சரிங்க" என்று கேட்டுக்கொண்டு வைத்துவிட்டாள். பிறகு வழி முழுவதும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு வயலில் சம்பா நடவு. அடுத்த வயலில் அறுவடை இயந்திரம் ஒன்று குறுவைக் கதிரை விழுங்கிக்கொண்டு நகர்ந்தது. அவள் கண் அந்த இயந்திரத்தை விட்டு விலகவேயில்லை.

*

பொன்னிவளம் ஃபைனான்ஸ் கிளை மேலாளர் சதீஷ், முப்பத்தைந்து வயதுக்காரர். மேஜை மேல் 'காலாண்டின் சிறந்த கிளை' என்று ஒரு கண்ணாடிக் கோப்பை. தமிழ்நிலாவின் அக்கா என்றதும் எழுந்து நின்று வருத்தம் சொன்னார். ஏ.சி.யைக் கூட்டினார். டீ சொன்னார்.

"சாமிதுரை ரெண்டாவது மெஷினுக்கு லோன் கேட்டாருங்க. மனைவியைக் கூட்டு விண்ணப்பதாரரா சேர்த்தாரு. அதனால அவங்க ரிப்போர்ட்டைப் பார்த்தோம். எல்லாம் முறைப்படி."

"சம்மதம் யார் கொடுத்தா?" என்றாள் கலைமகள்.

"அவங்களேதான். ரெண்டு பேரும் சேர்ந்து இங்க வந்தாங்க. இதே நாற்காலியில உட்கார்ந்து சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தாங்க. நல்ல ஜோடி. இப்படி ஆயிருக்க வேண்டாம்."

வேம்புவின் முகம் செத்துப் போயிற்று. இந்த ஒரு வாக்கியத்தை நீதிமன்றத்தில் சொன்னால் போதும். தமிழ்நிலா கணவனோடு சமாதானம் ஆகிவிட்டாள் என்பதற்கு அவன் தரப்பில் சாட்சி கிடைத்துவிடும். வழியைத் தேடி வந்தவர்கள் எதிராளிக்கு ஆள் பிடித்துக் கொடுத்த கதையாகிவிட்டது.

கலைமகள் டீயை எடுத்து ஊதினாள்.

"நல்லதுங்க. இவங்களுக்கும் ஒரு ஆறுதல். தங்கச்சி எங்க இருந்தான்னுகூட இவங்களுக்கு ஒழுங்காத் தெரியாது. உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?"

சதீஷ் திரையை ஒரு பார்வை பார்த்தார். "ஏன் சொல்லாம? மன்னார்குடி, மேல ரெண்டாம் தெரு, பதினேழு பை ரெண்டு. அவங்க வாயாலயே சொன்னாங்க. நான்தான் எழுதிக்கிட்டேன்."

டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்த ஃபாஜிலின் கை அப்படியே நின்றது. பாதி பிஸ்கட் கிளாசுக்குள் விழுந்தது.

"அவ வாயாலயே?"

"ஆமாங்க."

"நல்லா ஞாபகம் இருக்கா? மேல ரெண்டாம் தெருதானே?"

"மேல ரெண்டாம் தெருதான்."

கலைமகள் கிளாசைக் கீழே வைத்தாள். "தமிழ்நிலா ஒருநாளும் அந்தத் தெருவுல குடியிருந்ததில்லை சார். இருந்தது கீழ ரெண்டாம் தெரு. 'மேல'ங்கறது ஃபிரிட்ஜ் கடையில விரல் தவறி விழுந்த எழுத்து. அது இருக்கிற ஒரே இடம் நீங்க எடுத்துப் பார்த்த ரிப்போர்ட். அந்தப் பொண்ணு இந்த நாற்காலியில உட்காரவே இல்லை."

சதீஷ் வாயைத் திறந்து மூடினார். பிறகு சிரிக்கப் பார்த்தார்.

"சரிங்க, ஒரு ஃபார்மாலிட்டி விட்டுப் போச்சுன்னே வச்சுக்குங்க. மேல போனா கம்பெனிக்கு ஃபைன் போடுவாங்க. நான் யாரையும் தள்ளிவிடலையே. கொடுத்தது என்ன, வெறும் அட்ரஸ்தானே?"

வேம்பு நாற்காலியை இழுத்து அவருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். வந்ததிலிருந்து முதல் தடவையாகப் பேசினாள். வயலில் விவசாயிக்கு மருந்து அளவு சொல்வதுபோல் நிதானமான குரல்.

"பாரதி நகர், கடைசி வீடு. பச்சை கேட். மாடிக்கு வெளிப்பக்கமாப் படி. உங்க வீட்டம்மா சாயங்காலம் நாலரைக்குத் தனியா நடந்து போய்ப் பால் வாங்கிட்டு வருவாங்க. பொண்ணு யூகேஜி. ஸ்கூல் வேன் கோயில் முக்குல இறக்கிவிடும். அங்கேர்ந்து வீடு வரைக்கும் அது தனியாத்தான் ஓடி வரும்."

சதீஷின் கை மேஜை விளிம்பைப் பற்றியது. "எதுக்கு... எதுக்குங்க இதையெல்லாம் சொல்றீங்க?"

"ஏன் சார் வேர்க்குது? வெறும் அட்ரஸ்தானே?"

"வேம்பு" என்றாள் கலைமகள்.

"இதை நான் நாலு பேருக்குச் சொல்லலாம் இல்லையா? ஜெயில்ல இருக்கிற சாமிதுரைக்கு வெளியில கூட்டாளிங்க இருக்காங்க. 'உன்னைப் பத்தி மேனேஜர் எல்லாத்தையும் சொல்லிட்டாரு, இதான் அவர் வீடு'ன்னு எழுதிப் போட்டா என்ன ஆகும்?"

"வேம்பு, போதும்!"

கலைமகள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். சதீஷ் முகத்தை இரு கைகளாலும் மூடிக்கொண்டார். பிறகு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டியது.

செப்டம்பர் முடிவதற்குள் இன்னும் ஒரு இயந்திரக் கடன் போட்டால்தான் கிளை முதலிடத்துக்கு வரும். சாமிதுரை கையெழுத்துப் போடத் தயார். ஆனால் ஒரு நிபந்தனை. கோபித்துக்கொண்டு போன மனைவி எங்கே என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அவளுடைய பான் கார்டு படம் அவன் போனில் இருந்தது. கூட்டு விண்ணப்பதாரர் என்று பெயரை ஏற்றி, சம்மதம் பெறப்பட்டது என்ற கட்டத்தில் டிக் போட்டு, ரிப்போர்ட்டை இழுத்துப் பார்த்து, முகவரியை அவன் போனுக்கு அனுப்பியது சதீஷ்தான்.

"புருஷன் பொண்டாட்டியைச் சேர்த்து வைக்கறோம்னு நினைச்சேங்க."

ஃபாஜில் கண்ணாடிக் கோப்பையை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "இதுக்காகவா?"

சதீஷ் கோப்பையை வாங்கி மேஜை இழுப்பறைக்குள் வைத்தார்.

கலைமகள் கேட்டாள்: "வேற யாருக்கு இப்படிப் பார்த்துக் கொடுத்தீங்க?"

"யாருக்கும் இல்லைங்க."

சதீஷின் கண் ஒரு நொடி திரைப்பக்கம் போய்த் திரும்பியது. அதைக் கலைமகள் பார்த்துவிட்டாள்.

"எப்ப?"

"...போன வாரம். டிராக்டர் லோன். தங்கச்சி ஒருத்தனோட ஓடிப் போயிட்டான்னு அண்ணன்காரர் கேட்டாரு. செம்மொழின்னு பேரு. கும்பகோணத்துல இருக்காங்க."

"அந்தப் பொண்ணோட நம்பரைக் காட்டுங்க."

சதீஷ் நிமிர்ந்தார். பழக்கம் விடவில்லை. "கஸ்டமர் டேட்டாவை வெளியாளுக்குக் காட்டக் கூடாதுங்க. ரூல்ஸ்."

வேம்பு எழுந்து ஓங்கி ஒரு அறை விட்டாள். வெளியே கவுண்டரில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஃபாஜில் அமைதியாகத் திரையைத் தங்கள் பக்கம் திருப்பினான்.

"அக்கா, இதையும் நாம சம்மதம் இல்லாமத்தான் பார்க்கறோம்."

"தெரியும்" என்றாள் கலைமகள். "அதுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். நம்பரைப் போடு."

போட்டது ஃபாஜில். பேசியது வேம்பு. போனை அவன் கையிலிருந்து அவளே பிடுங்கிக்கொண்டாள்.

"ஹலோ, செம்மொழிங்களா? என்னை உங்களுக்குத் தெரியாது. நான் ஒரத்தநாட்டுலேர்ந்து பேசறேன். நீங்க இருக்கிற இடம் உங்க அண்ணனுக்குத் தெரிஞ்சுபோச்சு. இல்லம்மா, விளையாடலை. போன வாரம் உங்க போனுக்கு, பொன்னிவளம் ஃபைனான்ஸ்னு பேர் போட்டு ஒரு எஸ்எம்எஸ் வந்திருக்கும். பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

மெல்லிய குரல் ஸ்பீக்கரில் கேட்டது.

"வந்திருக்குக்கா. விளம்பரம்னு விட்டுட்டேன்... நேத்து வீட்டு ஓனரம்மாகிட்ட ரெண்டு பேர் வந்து விசாரிச்சாங்களாம். நான் வேலைக்குப் போயிருந்தேன்."

"உங்க வீட்டுக்காரர் எங்க?"

"பக்கத்துல பட்டறையில."

"அவரையும் கூட்டிக்கிட்டு இப்பவே கிளம்புங்க. துணி எடுக்க வேணாம். கதவைப் பூட்டக்கூட நிக்காதீங்க. நேரா மகளிர் போலீஸ் ஸ்டேஷன். உள்ளே போய் உட்கார்ந்துட்டு இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க. ஓடும்மா. ஓடு."

அடுத்த அரை மணி நேரம் அந்த ஏ.சி. அறையில் கலைமகள் மன்னார்குடி இன்ஸ்பெக்டரிடமும் கும்பகோணம் ஸ்டேஷனிலும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தாள். போன் அடித்ததும் வேம்பு அதைத் தன் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"உள்ள வந்துட்டோம்க்கா" என்றது செம்மொழியின் குரல். "ஆட்டோ திரும்பும்போது தெருமுனையில எங்க அண்ணன் வண்டியைப் பார்த்தேன்."

வேம்பு போனை மேஜைமேல் வைத்தாள். சதீஷைப் பார்த்தாள்.

"உங்க பொண்ணு யூகேஜி. அதுக்கு ஒண்ணும் ஆகாது. ஆகவும் விடமாட்டேன். ஆனா அதோட அப்பா யாருன்னு அது தெரிஞ்சுக்கற நாள் வரும். அதுக்கு நான் ஏற்பாடு பண்றேன்."

*

திங்கட்கிழமை திருவாரூர் நீதிமன்றத்தில் ஜாமீன் மனு பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. 'அவளே அழைத்தாள்' என்று ஆரம்பித்த வக்கீல், கமருன்னிஸாவின் வாக்குமூலத்தையும் சதீஷின் வாக்குமூலத்தையும் அரசுத் தரப்பு வைத்ததும் தண்ணீர் கேட்டார். முகவரியை ஒரு வாரத்துக்கு முன்பே திருட்டுத்தனமாக வாங்கி வைத்துக்கொண்டு, நாள் பார்த்து வந்தவன் சமாதானம் பேச வந்தவன் இல்லை என்றார் நீதிபதி. மனு தள்ளுபடி. வழக்கு, திட்டமிட்ட கொலை என்று மாறியது.

அதில் சதீஷ் இரண்டாவது குற்றம்சாட்டப்பட்டவர். பொன்னிவளம் நிறுவனம் அவரைத் தெரியவே தெரியாது என்பதுபோல் அறிக்கை விட்டுவிட்டது. நிறுவனத்தின் மேல் ரிசர்வ் வங்கிக்கு ஒரு புகாரும், கடன் தகவல் நிறுவனத்துக்கு ஒரு புகாரும் கலைமகள் அனுப்பியிருந்தாள். செம்மொழியின் பேரிலும் தனியாக ஒன்று. அந்தப் பெண் சம்மதம் கொடுத்த பிறகுதான் அனுப்பினாள்.

போலீஸ் வேனில் சாமிதுரையையும் சதீஷையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். சாமிதுரை ஏதோ சொல்லி அவர் முகத்தில் துப்பினான். துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்க முடியாமல் சதீஷ் தலையைக் குனிந்துகொண்டார். வேன் வளாகத்தைத் தாண்டிப் பாலத்தில் ஏறி மறையும் வரை வேம்பு வெயிலில் நின்று பார்த்தாள்.

"ஒரு சர்பத்தாவது குடிக்கலாமா? நீதி கிடைச்ச அன்னைக்குத் தொண்டை காயக் கூடாது" என்றான் ஃபாஜில்.

கலைமகள் அவனை முறைத்துவிட்டு வேம்புவின் பக்கத்தில் போய் நின்றாள்.

"மனசு கொஞ்சம் ஆறுச்சா?"

"இல்லைக்கா."

"ஆறும். நாளாகும்."

"ஆற வேணாம்க்கா" என்றாள் வேம்பு. "ஆறிட்டா விட்டுருவேன். கேஸ் முடிய எத்தனை வருஷம் ஆகுமோ. அது வரைக்கும் இது இப்படியே கொதிச்சுக்கிட்டு இருக்கட்டும்."

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அடுத்த வாய்தா தேதியை எழுதிப் போடும் பலகை எங்கே இருக்கிறது என்று வாசலில் நின்ற காவலரிடம் கேட்டுக்கொண்டு உள்ளே நடந்தாள்.